ஏழாம் எண் ரத்தம்

அத்தியாயம் 14

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். பதினோரு மாதம் ஆகிறது. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறார்கள். படியில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவன் சுவரைப் பார்ப்பான், மற்றவன் தன் செருப்பைப் பார்ப்பான்.

அந்த வீம்பு ஒரு கம்ப்யூட்டருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அது மட்டும் இதுவரை யாருக்கும் தெரியாது.

அவர்களுடைய அம்மா நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபில் சென்ற மாதம் ஒரு பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்து இரண்டு வருஷத்து ரிப்போர்ட்டுகளைத் துடைத்துவிட்டது. அம்மா ஆடிப்போனார். மூத்தவனிடம் சொல்லி அழுதார். சின்னவனிடம் தனியாகச் சொல்லி அழுதார். இரண்டு பேரும் அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆளுக்கொரு நாள் வந்து, ஆளுக்கொரு ஆன்டிவைரஸ் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவன் போட்டது மற்றவனுக்குத் தெரியாது. பேசினால்தானே தெரியும்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஊர ஆரம்பித்தது.

லேபில் டெக்னீஷியனாக இருப்பவள் மூத்தவனின் மனைவி. ஒரு எண்ணைத் தட்டினால் அது திரையில் தெரிய அரை நிமிஷம் ஆனது. அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள்? திரையைப் பார்க்காமலே தட்டப் பழகிக்கொண்டாள். மெஷின் துப்பும் சீட்டுகளை வரிசையாக அடுக்கி, எண், எண்டர், எண், எண்டர் என்று ஒரே மூச்சில் எல்லோருக்கும் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாள். திரும்பி வருவதற்குள் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டிருக்கும். ஆபத்தான அளவு எதுவும் இருந்தால் சிவப்பில் தெரியும், அதைப் பார்த்து அந்த ஆளுக்கு உடனே ஃபோன் செய்வது லேபின் வழக்கம். சமாளிக்கத் தெரிந்தவள் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அந்த மெச்சல் முடிந்தது.

முந்தின நாள் சீட்டுகளை நோட்டில் ஒட்டுவது அவளுடைய காலை வேலை. பசையைத் தடவி ஏழாவது சீட்டை எடுத்தவள் அப்படியே நின்றாள். பொட்டாசியம் 6.9 என்று இருந்தது.

மூன்றரையிலிருந்து ஐந்து வரை இருக்கலாம். ஆறைத் தாண்டினாலே பயப்பட வேண்டும். ஏழை நெருங்கினால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். முன்கூட்டி வலித்து எச்சரிக்கும் என்கிற உத்தரவாதமும் கிடையாது.

நேற்று திரையில் சிவப்பு எதையும் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. ரிப்போர்ட் நகல்கள் இருந்த ஃபைலை இழுத்தாள். பன்னிரண்டு தாள்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். 6.9 எந்தத் தாளிலும் இல்லை.

ஏழாம் ஆளின் ரிப்போர்ட்டில் 4.2 என்று இருந்தது. எட்டாவது சீட்டை எடுத்துப் பார்த்தாள். அதில்தான் 4.2 இருந்தது. ஒன்பதாவது ஆளின் அளவு எட்டாவது ஆளிடம் போயிருந்தது. பத்தாவது ஒன்பதில். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே எண்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, வைரஸ் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நின்றது. அதை மூடினாள். பன்னிரண்டாவது இடம் காலியாக இருந்தது. விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று அதை மட்டும் மறுபடி தட்டினாள். எல்லாவற்றையும் அச்சடித்துக் கவரில் போட்டாள்.

விட்டுப்போனது பன்னிரண்டாவது இல்லை. அவள் தட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் குதித்த அந்தப் பெட்டி ஏழாவது எண்ணை விழுங்கியிருந்தது. பின்னால் வந்ததெல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்து உட்கார்ந்துவிட்டது.

ஏழாவது சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

ரத்தம் கெட்டுப்போயிருந்தாலும் இப்படிக் காட்டும் என்று ஒரு நப்பாசை. ஃபிரிட்ஜைத் திறந்து ஏழாம் எண் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேலே நின்ற நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. கெட்ட ரத்தமாக இருந்தால் சிவந்திருக்கும். இருந்தாலும் மனது கேட்காமல் மறுபடி மெஷினில் வைத்தாள். 6.8 என்றது மெஷின். அதற்குப் பிறகு அவளிடம் நப்பாசை எதுவும் மிஞ்சவில்லை.

பதிவு நோட்டைப் புரட்டினாள். ஏழாம் வரி மாமியாரின் கையெழுத்தில் இருந்தது. கேள்விப்படாத ஒரு பெயர். பெண், வயது அறுபத்தொன்று. ரிப்போர்ட்டை நேரில் வாங்கிக்கொண்டார் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. ஒரு ஃபோன் நம்பர்.

அந்த நம்பரைத் தட்டினாள். காதில் மணி அடித்தது. அறையிலும் அடித்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. வாசலில் யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. காலை நேரத்துக் கூட்டம் இன்னும் வரவில்லை. ஃபோனை நிறுத்தினாள், அறையில் சத்தமும் நின்றது. மறுபடி தட்டினாள், மறுபடி அடித்தது. மாமியாரின் மேஜையில், பூட்டிய இழுப்பறைக்குள்.

அத்தைக்கு வயது அறுபத்தொன்று.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பொய்ப் பெயரில், ஒருவருக்கும் தெரியாத ஒரு ஃபோன் நம்பரைக் கொடுத்து, அத்தை தன் சொந்த லேபிலேயே திருட்டுத்தனமாகத் தன் ரத்தத்தைத் தானே எடுத்து வைத்திருக்கிறார். 4.2 என்று ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகியிருக்கிறார். ஏழு மணிக்கே நீல ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, லேபுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு ரத்தம் எடுக்கக் கிளம்பியும் போய்விட்டார். நடந்து, படியேறி, வீடு வீடாக.

அத்தையின் வழக்கமான ஃபோனுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. ஊசி குத்துகிற நேரத்தில் ஃபோன் அலறினால் கை தவறும் என்று அவர் சுற்று முடியும்வரை அதைத் திறப்பதே இல்லை. முப்பது வருஷத்து நர்ஸ் வேலையில் வந்த பழக்கம்.

எந்த வீடுகள் என்ற பட்டியலின் ஒரே அச்சுப் பிரதி அத்தையின் கைப்பையில் இருந்தது. மூலம் கம்ப்யூட்டரில். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் ஒரு வட்டம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் கொழுந்தனுக்கு ஃபோன் செய்தாள்.

கொழுந்தனுக்கு வீட்டில் ஸ்க்ரூ என்று பெயர். சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அவன் சாப்பிடக்கூட உட்கார்ந்ததில்லை. இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஐந்தே நிமிஷத்தில் வந்து நின்றான். அண்ணி சொன்னதைக் கேட்டு முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் எந்தெந்த வேலை ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தான். அது திறக்கவே ஒரு நிமிஷம் ஆனது. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பட்டியல் வந்ததும் ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இதை யாரு போட்டாங்க அண்ணி?"

"உங்க அண்ணன்."

அவன் அடுத்த வரியைப் பார்த்தான். அதை யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை.

"ஒரே வாசல்ல ரெண்டு வாட்ச்மேன் அண்ணி. அவன் ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தா இவன் அவனைப் பிடிச்சு சோதனை போடறான். இவன் திறந்தா அவன் பிடிச்சுக்கறான். வேலைக்கு வந்தவங்க எல்லாம் வெளியிலேயே நிக்கறாங்க. இதை ஒரு மாசமா யாரும் என்கிட்ட சொல்லலையே."

சொல்லியிருக்கலாம்தான். கம்ப்யூட்டர் நகரவில்லை என்று கொழுந்தனிடம் சொன்னால், என்னைக் கேட்காமல் அவனை ஏன் கூப்பிட்டாய் என்று கணவன் கேட்பான். கணவனிடம் சொன்னால் கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். எதற்கு வம்பு என்று அவள் திரையைப் பார்க்காமல் தட்டக் கற்றுக்கொண்டாள். இதையெல்லாம் விளக்க இப்போது நேரம் இல்லை.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் என்ன என்று கேட்டாள். போட்டால் இரண்டும் முதலிலிருந்து தேட ஆரம்பிக்கும், லிஸ்ட் திறக்க இருபது நிமிஷம் ஆகும் என்றான். தான் போட்டதை முதலில் நிறுத்தினான். வட்டம் இன்னும் சுற்றியது. அண்ணன் போட்டதை நிறுத்தப் போனான். அது பாஸ்வேர்டு கேட்டது.

மணி ஒன்பதே கால் ஆகியிருந்தது. அவள் கணவனுக்கு ஃபோன் அடித்தாள். ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவன் சூப்பர்வைசர். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். அத்தைக்கு என்ன எண், எதனால் அவர் வெளியே இருப்பது ஆபத்து, பட்டியல் ஏன் திறக்க வேண்டும் என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள். பாஸ்வேர்டைக் கேட்டாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நீ மட்டும் கேளு. ஸ்பீக்கர்ல போடாதே."

"போட்டாச்சுங்க. தம்பிதான் உட்கார்ந்திருக்காரு."

கிடங்கில் ஏதோ ஒரு இரும்புக் கதவு சாத்தப்படும் ஓசை மட்டும் கேட்டது. சின்னவன் ஃபோனை நோக்கிக் குனிந்தான். பதினோரு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

"அண்ணா. அம்மா."

அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"இங்கிலீஷ் எழுத்துல, இடம் விடாம அடி," என்றான் மூத்தவன். பிறகு ஒவ்வொரு சொல்லாக, கல்லைத் தூக்கி வைப்பது மாதிரிச் சொன்னான். "ஸ்க்ரூ. தொடாதே."

சின்னவனின் விரல்கள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. காது மடல் சிவந்தது. பிறகு அதை அப்படியே அடித்தான், எண்டர் தட்டினான். வட்டம் நின்றது. பட்டியல் திறந்தது.

மூத்தவன் வேறெதுவும் பேசாமல் நான் கிளம்பறேன் என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தான்.

ஏழு வீடுகள். மருமகள் வரிசையாக ஃபோன் அடித்தாள். முதல் மூன்று வீட்டிலும் அத்தை வந்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது வீட்டுக்காரர் தன் சர்க்கரை அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஃபோனை வைத்தாள்.

நான்காவது வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். பத்து நிமிஷம் முன்னால்தான் கிளம்பினார் என்றார் அவர். காலில் தெம்பே இல்லை என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாராம், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, இன்னும் மூன்று வீடுதானே என்று சிரித்தாராம்.

ஐந்தாவது வீட்டில் ஒரு பெண் எடுத்தாள். "இன்னும் வரலையே. காபிகூடக் குடிக்காம காத்துட்டிருக்கேன்."

நான்காவது வீட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடந்தால் நான்கு நிமிஷம். ஐந்தாவது வீடு நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, இரண்டு வாரமாக ஓடவில்லை என்றாள் அந்தப் பெண்.

சின்னவன் அதற்குள் வெளியே ஓடி ஸ்கூட்டரை உதைத்துவிட்டான். மருமகள் ஃபோனை வைக்கவில்லை, வழியில் இருந்த கணவனுக்கு அந்த முகவரியை மெசேஜில் மட்டும் தட்டினாள். ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு படியில் இறங்கிப் பார்க்க முடியுமா என்று அந்தப் பெண்ணைக் கெஞ்சினாள்.

செருப்புச் சத்தம் படிப்படியாக இறங்கியது. அவள் அதை எண்ணிக்கொண்டே நின்றாள். எண்ணுவதைத் தவிர வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது. ஏழாம் எண்ணை யார் தப்பாகப் போட்டது என்ற கேள்வி பக்கத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு நீலப் பெட்டி இருக்குங்க," என்றது குரல்.

"ஆளு?"

செருப்புச் சத்தம் இன்னும் இரண்டு படி இறங்கியது.

"இருக்காங்க. சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருக்காங்க. கண்ணு திறந்திருக்கு. கூப்பிட்டா பேச்சு வரல."

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டிடத்து வாசலில் வந்து நின்றார்கள் என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள். யார் தலைப்பக்கம், யார் கால்பக்கம் என்று பேசிக்கொள்ளவில்லை. தூக்கினார்கள். பார்த்து, படி இருக்கு என்று ஒருவன் சொன்னான். தெரியுது என்றான் மற்றவன்.

மருமகள் ஆஸ்பத்திரிக்கு நேராக வந்தாள். நோட்டில் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த ஏழாவது சீட்டைப் பிய்த்து, பதிவு நோட்டோடு கையில் எடுத்து வந்திருந்தாள். அவசரப் பிரிவு டாக்டர் அதைப் பார்த்தார், இதயத் துடிப்புப் படத்தையும் ஒரு முறை பார்த்தார், மறு பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊசி போட ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் அளவு ஐந்தே முக்காலுக்கு இறங்கியது. பிழைத்தார் என்று சொல்ல யாரும் துணியவில்லை, ஆனால் அத்தை பேச ஆரம்பித்திருந்தார்.

டாக்டர் வெளியே வந்து பிள்ளைகள் இருவரையும் கேட்டார். அம்மா ஏற்கெனவே எதற்காவது வைத்தியம் செய்துகொள்கிறாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? தெரியாது என்றான் ஒருவன். ஒன்றும் இல்லை என்றான் மற்றவன். அது தெரியாமல் அடுத்த மருந்தைக் கொடுக்க முடியாது, பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வருகிறார், அதற்குள் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அத்தை மருமகளை வரச் சொன்னார்.

"எவ்வளவு இருந்தது?"

"ஆறு புள்ளி ஒன்பது அத்தை."

"என் தாள்ல நாலு புள்ளி ரெண்டு இருந்ததே."

"நான் பார்க்காம அடிச்சுட்டேன்."

அத்தை கூரையைப் பார்த்தார். கோபம் இல்லை. "உன் கை போட்டதுன்னு நானும் மறுபடி பார்க்கல," என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"கிட்னி ஒரு வருஷமா கெட்டுக்கிட்டு வருது. இவனுங்க சண்டை ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சுது. இப்போ சொன்னா, உன்னாலதான் அம்மாவுக்கு இப்படின்னு ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுத் துப்புவானுங்க. நீ இதைச் சொல்லாதே. நீ மாத்தி அடிச்சதை நானும் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம். யாரு கேட்கப் போறா?"

உண்மையில் யாரும் கேட்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. ஒரு நிமிஷம், முழுதாக ஒரு நிமிஷம், அந்த ஒப்பந்தம் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. வேலை போகாது, பெயர் கெடாது, கணவன் முகத்தை நேராகப் பார்க்கலாம்.

ஆனால் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று இருந்தார்கள். நால்வருக்கும் சாதாரண அளவுதான், சீட்டில் பார்த்துவிட்டாள். இருந்தாலும் நான்கு பேர் இன்னொருவரின் ரத்தத்தைத் தன்னுடையது என்று கவரில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். அதை நம்பி எந்த டாக்டர் என்ன எழுதுவார் என்று யார் கண்டது?

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீல ஐஸ் பெட்டி அந்த இடத்தில் இருந்தது. அவள் அவர்களுக்கு எதிரில் நின்றே எட்டாம் எண்ணுக்கு ஃபோன் செய்தாள்.

"லேபிலிருந்து பேசறேன். நேத்து உங்களுக்குக் கொடுத்தது உங்க ரிப்போர்ட் இல்லைங்க. மாறிப்போச்சு. கம்ப்யூட்டர் மெதுவா இருந்தது உண்மை. ஆனா தப்பு என்னோடது. பார்க்காம அடிச்சேன்."

நான்கு பேருக்கும் அதையே சொன்னாள். ஒன்பதாவது ஆள் திட்டினார். பதினொன்றாவது ஆள் நன்றி சொன்னார், அதுதான் அவளை அழவைத்தது.

ஃபோனைக் கீழே இறக்கியபோது இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். கணவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"அம்மா எதுக்கு வேற பேர்ல ரத்தம் கொடுத்தாங்க?"

கேட்டது ஒருவன் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே கேள்வி. அவர்களே திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். வேண்டாம் என்று.

மருமகள் தன் ரகசியத்தைச் சொல்லிவிட்டாள். இது அவளுடையது இல்லை. அவள் கதவை முழுசாகத் திறந்து, முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போய் அவங்களையே கேளுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்க."

பின்னாலிருந்து ஒரு நர்ஸ், ஒருவருக்குத்தான் அனுமதி என்றாள். யாரும் திரும்பவில்லை. பிள்ளைகள் இருவரும் தோளோடு தோள் உரச உள்ளே நுழைவதைப் பார்த்ததும் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.